லினக்ஸ் டெஸ்க்டாப்பை மினுக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஹாஸ்டலில் ஒருத்தன் லேப்டாப்பில் டாக் மிதந்து, டெர்மினலுக்குப் பின்னால் வால்பேப்பர் மங்கலாகத் தெரிந்தால் போதும், அடுத்த வாரம் அந்த விங் முழுக்க லினக்ஸை மினுக்கக் கிளம்பிவிடும். பெருந்துறையானாலும் பீளமேடானாலும் இதே கதைதான். எங்கள் பேட்ச் பண்ணின கூத்தையே ஜூனியர் பசங்களும் வரி பிசகாமல் பண்ணுகிறார்கள். "பேக்கப் எடு", "புரியாத கட்டளையை ஒட்டாதே" என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் சூடோ

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். கட்டளையை ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டவைப்பது சூடோ. மென்பொருள் நிறுவ அது வேண்டும், சரி. அங்கே பழகிவிட்டு அதைப் பிள்ளையார் சுழியாகவே ஆக்கிவிடுகிறார்கள். எந்தக் கட்டளையானாலும் முதலில் சூடோ. தீம், ஐகான், கர்சர், எழுத்துரு, பேனல் அமைப்பு இவற்றுக்கெல்லாம் அது தேவையே இல்லை. டாட் தீம்ஸ், டாட் லோக்கல், டாட் கான்ஃபிக் என்று உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும். ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல்-எச் அழுத்தினால் புள்ளி வைத்த அந்த ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியும்.

போன செமஸ்டரில் செகண்ட் இயர் மெக்கானிக்கல் தம்பி ஒருவன், பிடித்த தீம் ஒன்றை இறக்கி, அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டை சூடோ போட்டு ஓட்டினான். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் தீமைத் தேர்ந்தெடுக்கும் ட்வீக்ஸ் செயலியைத் திறந்தால் தீமின் பெயரே இல்லை. சூடோவில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு ஹோம் என்றால் ரூட்டின் ஹோம். தீம் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. இது அவனுக்குப் புரியவில்லை. யாரோ பகிர்ந்த டாட்ஃபைல்ஸை, அதாவது அவர்களுடைய அமைப்புக் கோப்புகளை, எடுத்தான். தன் டாட் கான்ஃபிக்கின் பெயரை மாற்றி ஓரங்கட்டிவிட்டு, புதியதை அதே இடத்தில் காப்பி அடித்தான். அதற்கும் சூடோ. ஆக மொத்த ஃபோல்டரும் ரூட்டின் பெயருக்குப் போய்விட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். வால்பேப்பரை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்ததும் பழையது வந்து நிற்கும். பேனலை நகர்த்தினால் தங்காது. அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்தில் எழுத அனுமதி இல்லை, அவ்வளவுதான் விஷயம். பக்கத்து ரூம்காரன் ஒருத்தன் வந்து, "சிஎச்மாட் 777 போடு, எல்லாம் சரியாயிரும்" என்றிருக்கிறான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற அனுமதி அது. ஹோம் முழுக்கப் போட்டான். சரியாகவும் ஆனது. மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ வைத்துக்கொண்டு ராத்திரி என்னிடம் வந்து நிற்கிறான்: "ஏனுங்ணா, கிட்ல புஷ் ஆகவே மாட்டீங்குதுங்ணா. சர்வர் டவுனுங்களா?"

சர்வருக்கு ஒரு கேடும் இல்லை. அவன் கிட் சர்வரோடு பேசுவது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பில், தனிச்சாவி ஒன்றை அடையாளமாகக் காட்டி. தனிச்சாவி இருக்கும் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தால் எஸ்எஸ்எச் அதைத் தொடாது. பாதுகாப்பில்லை என்று எச்சரித்து ஒதுக்கிவிடும். 777 போட்டதில் அந்தச் சாவியும் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. அதற்கு மட்டும் 600, அதாவது சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுத அனுமதி, போட்டதும் புஷ் ஆனது. டீயும் தேங்காய் பன்னும் அவன் செலவு.

இப்படி மாட்டினால் முதலில் டெர்மினலில் ஹோமுக்குள் எல்எஸ் மைனஸ் எல்ஏ கொடுத்துப் பாருங்கள். வரியில் மூன்றாவது, நான்காவது பத்திகளில் உங்கள் பயனர் பெயர் இருக்க வேண்டும். இரண்டு புள்ளி மட்டும் உள்ள வரியை விட்டுவிடுங்கள், அது ஹோமுக்கு மேலே இருக்கும் ஃபோல்டர். மற்ற வரிகளில் 'ரூட் ரூட்' என்றிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. சிஎச்ஓன் கட்டளையால் ஹோமின் உரிமையை உங்கள் பெயருக்கே மாற்றிவிடுங்கள். ரூட்டிடம் இருப்பதைத் திரும்ப வாங்க ரூட்தான் வேண்டும், ஆகவே இதற்கு மட்டும் சூடோ நியாயம்.

டாட் கான்ஃபிக் மட்டும் போயிருந்தால் இதோடு தப்பித்தீர்கள். மின்ட் போல லைட்டிஎம் லாகின் திரை உள்ள கணினியில் திரையைத் திறக்க அனுமதி தரும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பும் ரூட் கைக்குப் போனால், பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி லாகினுக்கே வரும். பதறி ரீஇன்ஸ்டால் செய்யாதீர்கள். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து அதே சிஎச்ஓன் வேலையைப் பார்த்துவிட்டு ரீபூட் செய்தால் போதும்.

777-ஐ ஹோமோடு நிறுத்தாமல் வெறும் ஸ்லாஷுக்கு, அதாவது மொத்த சிஸ்டத்துக்கும், போட்டவர்களும் உண்டு. அங்கேதான் கதை முடிகிறது. சூடோ வேலை செய்ய அதன் கோப்பில் செட்யூஐடி என்ற குறி இருக்க வேண்டும். 777 அந்தக் குறியை அழித்துவிடும். அதன்பின் சரிசெய்ய சூடோ வேண்டும், சூடோவே சரியில்லை. லைவ் யுஎஸ்பி போட்டு ஹோமை வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதே குறைந்த வேலை.

சூடோ கேட்காத தீமும் கடிக்கும்

கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில் குளோபல் தீம் என்று ஒன்று உண்டு. பெயர்தான் தீம், உள்ளே நிரல் ஓடும். 2024 மார்ச்சில் அப்படி ஒன்றை நிறுவிய பயனரின் கோப்புகள் மொத்தமாக அழிந்துபோயின. அவர் மவுண்ட் செய்திருந்த டிரைவ்களில் இருந்தவையும் சேர்த்து. மூன்றாம் நபர் தீம்களை யோசித்து நிறுவுங்கள் என்று கேடிஇ தரப்பிலிருந்தே எச்சரிக்கை வந்தது. சூடோ இல்லாமல் தொட முடியாதது சிஸ்டம் கோப்புகளைத்தான். உங்கள் ரெக்கார்டும் போட்டோவும் உங்கள் அனுமதியில்தான் இருக்கின்றன, அவற்றை அழிக்க உங்கள் பெயரே போதும்.

எக்ஸ்டென்ஷன்களை ஒட்டுக்கா போடுவது

உபுண்டுவின் இயல்பான டெஸ்க்டாப் க்னோம். அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன நிரல்கள்தான் எக்ஸ்டென்ஷன்கள். க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 எக்ஸ்டென்ஷன்களின் எழுத்துமுறையையே மாற்றியது. அதுவரை எழுதியவை அப்படியே ஓடாது. உபுண்டு 22.04-ல் இருப்பது க்னோம் 42, 24.04-ல் 46. இடையில் தாண்டினால் உங்கள் அலங்காரத்தில் எது மிஞ்சும் என்பது அந்தந்த எக்ஸ்டென்ஷனை எழுதியவருக்கு நேரம் கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றாகப் போடுங்கள். டெஸ்க்டாப் தொங்கினால் எதனால் என்றாவது தெரியும்.

ஒரே கணினியில் க்னோமும் பிளாஸ்மாவும்

டெர்மினல் இரண்டு, எடிட்டர் இரண்டு, கடவுச்சொல் பெட்டகம் இரண்டு. வேண்டாமென்று, பிளாஸ்மாவைக் கொண்டுவந்த குபுண்டு-டெஸ்க்டாப் பேக்கேஜை நீக்கினால் போவது அந்தப் பெயர் மட்டும். அது இழுத்துவந்த கூட்டம் அப்படியே இருக்கும். பார்க்க ஆசையென்றால் லைவ் யுஎஸ்பியில் பாருங்கள்.

எக்ஸ்11 வீடியோவைப் பார்த்து வேலேண்டில் செய்வது

திரையில் வரையும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலேண்ட். பழையதற்கென்று எழுதிய பாலிபார் என்ற பேனல் புதியதில் வராது. வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

தமிழை மறப்பது

க்னோமில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால் பின்னணியில் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் தானாக ஓடும். ஐ3 என்ற விண்டோ மேனேஜருக்குத் தாவினால் அதை யாரும் ஓட்டமாட்டார்கள். ஐ3-யின் கான்ஃபிக் கோப்பில் ஐபஸ் டீமனைத் தொடக்கும் வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். ஜிடிகே, க்யூடி செயலிகளுக்கு உள்ளீட்டு முறை ஐபஸ்தான் என்று சூழல் மாறிகளிலும் சொல்ல வேண்டும். டெர்மினலுக்கு என்று போடும் நெர்ட் ஃபான்ட்களில் தமிழ் எழுத்து இல்லை. கணினியில் வேறு தமிழ் எழுத்துரு இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிக்கனமாக நிறுவிய ஆர்ச் லினக்ஸில் அதுவும் இருக்காது, பெட்டி பெட்டியாகத் தெரியும். நோட்டோ அல்லது லோகித் தமிழை நிறுவினால் தீர்ந்தது.

அக்காவின் அரசு லேப்டாப்பில் அசையும் வால்பேப்பர்

4 ஜிபி ரேம். வேண்டாம்.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்ற தைரியம்

சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட், இயல்பாக ஹோம் ஃபோல்டரைச் சேமிக்காது. நீங்கள் ராத்திரி முழுக்க விழித்துச் செய்த அலங்காரமோ அங்கேதான் இருக்கிறது. சிஸ்டம் பழையபடி எழுந்துவிடும், பேனல் எழாது. டாட் கான்ஃபிக்கில் நீங்கள் கைவைத்த கோப்புகளை மட்டும் ஒரு கிட் ரெப்போவில் போட்டு வையுங்கள். முழு ஃபோல்டரையும் தள்ளிவிடாதீர்கள், பிரவுசரின் குக்கியும் அதோடு சேர்ந்து போய்விடலாம்.