லிப்ரே ஆபீஸில் பெரிதாகாத தமிழ் எழுத்து

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கான உர அட்டவணையை, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஆவணம் அடிக்கும் ரைட்டரில் அடித்தேன். பாரா ஸ்டைலில் (பத்திகளின் தோற்றத்தை ஒரே இடத்தில் தீர்மானிக்கும் அமைப்பு) எழுத்தளவை 16 ஆக்கினால் தமிழ் 12லேயே நின்றது. நோட்டோ என்ற எழுத்துருவை (ஃபான்ட்) மாற்றினேன், மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், பலனில்லை. நாட்கள்தான் வீணாயின.

கவனித்தால், ஆங்கிலத்தில் இருந்த உரப் பெயர்கள் மட்டும் 16க்குப் பெருத்திருந்தன! லிப்ரே ஆபீஸ் தமிழை, இந்தி, அரபியோடு சேர்த்து 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (எழுத்துகள் சேரும்போது வடிவமோ இடமோ மாறும் மொழிகளுக்கான பிரிவு) என்று தனியாக வைத்திருக்கிறது. அதற்கு ஃபான்ட்டும் அளவும் வேறு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் அதை டிக் செய்தேன். பிறகு ஸ்டைலின் ஃபான்ட் பக்கத்தில் தமிழுக்கான அளவும் வந்தது. 16 கொடுத்தேன், சரியாகிவிட்டது. அப்பாடா!

தமிழில் நிறுவுவோருக்கு இந்த டிக் தானாகவே விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் காசு கேட்காத இந்த மென்பொருளை விட மாட்டேன்.