'தொழில்வாண்மையாளர்' என்று எழுதுவதற்கு முன்

ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வேலைக்கு விண்ணப்பிப்பவர், சுயவிபரக்கோவையில் தம்மைத் 'தொழில்வாண்மையாளர்' (professional) என்று குறிப்பிடுவதற்கு முன், அச்சொல்லை எந்தப் பொருளில் கையாளுகிறார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

மிகக் கண்டிப்பானது சட்டம் சார்ந்த பொருள். மருத்துவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சட்டத்தரணியை உயர் நீதிமன்றம் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தகைய பதிவு இருந்தால் அதன் இலக்கத்தையே எழுதுங்கள்.

ஊதியத்துக்காகச் செய்பவர் என்பது மற்றொரு பொருள். திருவிழாவில் ஆர்வத்தால் தப்படிப்பவரையும் கூலி பேசி அடிப்பவரையும் பிரிப்பது இதுவே. திறமையைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை.

திறமைக்குச் சான்று பெற்றவர் என்பது இன்னொரு பொருள். தச்சு, மின்னிணைப்பு போன்ற தொழில்களில் இருப்போர் 1 முதல் 7 வரையிலான தேசிய தொழில் தகைமை மட்டங்களில் தமக்குரியதைக் குறிப்பிடலாம். பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் மதிப்பீட்டுக்கு உட்பட்டு இச்சான்றிதழைப் பெறலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

வேலை செய்யும் விதத்தைக் குறிக்கும் பொருளே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேயிலைத் தோட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முற்றிய இலையை விலக்கி, கொழுந்து நசுங்கினால் வாட்டுவதற்கு முன்பே நிறம் மாறத் தொடங்கும் என்பதறிந்து கூடையில் அமுக்கித் திணிக்காமல் கொண்டுவரும் பெண்ணை நாம் 'தொழிலாளி' என்று மட்டுமே அழைக்கிறோம் (தோட்டப் பதிவேடும் அப்படித்தான் அழைக்கிறது). இப்பொருளில் எழுதுவோர், 'தொழில்வாண்மையாளர்' என்ற சொல்லை விட்டுவிட்டு, செய்த வேலையை இவ்வாறு விவரமாக எழுதுவதே நல்லது.