இலையில ஒதுக்கி வைக்கிற காயை சாப்பிடப் பழகுறது எப்படி

29 வயசு வரைக்கும் நான் சாப்பிடாத ஐட்டத்த சொன்னா ஒரு காய்கறி கடையே வைக்கலாம். கத்திரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய், பீட்ரூட், கோஸ், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, இது போக புளியோதரை வேற. வீட்ல அம்மா எனக்குன்னு தனியா ரெண்டு உருளைக்கிழங்கு வறுத்து வச்சிடுவாங்க, அதனால பிரச்சனையே தெரியல. கல்யாணம் முடிஞ்சு மாமியார் வீட்ல முதல் விருந்து, இலையில எண்ணெய் கத்திரிக்காய் முழுசா ரெண்டு வந்து உக்காந்துச்சு, நான் நைசா அப்பளத்துக்கு அடியில தள்ளிவிட்டேன், அத்தை அப்பளம் இன்னொன்னு வைக்க வந்தவங்க பார்த்துட்டு "என்ன மாப்ள, நல்லா இல்லையா"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த முகத்த பார்த்ததுக்கு அப்புறம்தான் சரி இத எப்படியாவது மாத்தணும்னு முடிவு பண்ணேன்.

இப்ப அந்த லிஸ்ட்ல பாதிக்கு மேல காலி. எப்படின்னு சொல்றேன். பல்லக் கடிச்சுக்கிட்டு முழுங்குறது இல்ல, அத நான் ஹாஸ்டல்ல நாலு வருஷம் பண்ணி பார்த்தாச்சு, வெறுப்பு கூடுனதுதான் மிச்சம்.

மொத வேலை, "பிடிக்காது"ங்கிற வார்த்தைய உடைக்கணும். எது பிடிக்கல? வாடையா, வாயில படுற பதமா, கசப்பா, இல்ல எப்பவோ நடந்த ஏதாவதா? நான் ஒரு பேப்பர எடுத்து ஒவ்வொரு காய்க்கும் எதிர்ல எழுதுனேன். வெண்டைக்காய் - கொழகொழ. கத்திரிக்காய் - தோல் ஒரு பக்கம் சதை ஒரு பக்கம்னு வழுக்கிட்டு போறது. கோஸ் - வாடை. பீட்ரூட் - மண்ணு மாதிரி. பாகற்காய் - சொல்லவே வேணாம். புளியோதரைக்கு எதிர்ல என்ன எழுதுறதுன்னே தெரியல, ஏன்னா புளி பிடிக்கும், வேர்க்கடலை பிடிக்கும், நல்லெண்ணெய் பிடிக்கும். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நாலாவது படிக்கிறப்ப ஊட்டிக்கு பஸ்ல போனோம், கட்டுச்சாதம் புளியோதரை, மலை ஏற ஏற வளைவுக்கு வளைவு வாந்தி. அன்னைலேர்ந்து அந்த வாசனை வந்தாலே வயிறு பிரட்டும்.

இதுக்கு விஞ்ஞானத்துல கதை இருக்கு. 1955ல ஜான் கார்சியான்னு ஒருத்தர் எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணிய குடுத்து கூடவே கதிர்வீச்சும் குடுத்தாரு, கதிர்வீச்சால உடம்பு முடியாம போன எலிங்க அப்புறம் அந்த இனிப்புத் தண்ணி பக்கமே போகல. தண்ணி மேல ஒரு தப்பும் இல்ல, ஆனா மூளை ஒரே தடவையில முடிச்சு போட்டுடுச்சு. நம்ம உடம்பும் அப்படித்தான், தப்பு பண்ணது ஊட்டி மலை, தண்டனை புளியோதரைக்கு. இது தெரிஞ்சதுமே எனக்கு பாதி வெறுப்பு போயிடுச்சுன்னு சொன்னா நம்புவீங்களான்னு தெரியல, மீதி பாதிக்கு கோயில் பிரசாதமா ஒரு உருண்டை ஒரு உருண்டையா சாப்ட்டு ஒரு ஏழெட்டு மாசம் ஆச்சு.

காரணம் தெரிஞ்சாச்சுன்னா அடுத்தது சமைக்கிற விதத்த மாத்துறது. இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, அதே பிடிக்காத பொரியலையே திரும்பத் திரும்ப சாப்ட்டு "ட்ரை பண்ணேன், செட் ஆகல"ன்னுடுவாங்க.

வெண்டைக்காய எடுத்துக்குங்க. அந்த கொழகொழப்பு தண்ணி பட்டாத்தான் ஆட்டம் போடும். அதனால முழுக் காயா கழுவி, துணியில ஒவ்வொன்னா துடைச்சு, ஃபேனுக்கு அடியில ஒரு அரை மணி நேரம் காயவிட்டு, அப்புறம்தான் நறுக்கணும். நறுக்கிட்டு கழுவுனா கதை முடிஞ்சுது. இரும்பு வாணலி, கொஞ்சம் தாராளமா எண்ணெய், தீ கூட்டி வச்சு வதக்கணும், மூடி போடவே கூடாது, மூடுனா ஆவி தண்ணியா இறங்கிடும், உப்பு கடைசியில. நடுவுல ஒரு ஸ்பூன் புளித்தண்ணியோ கெட்டி மோரோ தெளிச்சா நூல் நூலா வர்றது அடங்கிடும். ஓரமெல்லாம் பழுப்பா மொறுமொறுன்னு ஆனதும் எடுத்து தயிர் சாதத்துக்கு தொட்டு பாருங்க. நான் முதல்ல சாப்ட்டது இதுதான், ரெண்டு மாசம் இதையே சாப்ட்டு அப்புறம்தான் வெண்டைக்காய் மோர்க்குழம்புக்கு போனேன். பிடிச்ச பதத்துலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா கஷ்டமான பதத்துக்கு போகணும், தலைகீழா போகாதீங்க.

கோஸ் வாடைக்கு காரணம் அதுல இருக்குற கந்தகச் சத்து, வேக வேக அது ஜாஸ்தியா வெளிய வரும். கல்யாண மண்டபத்துல காலைல பத்து மணிக்கே வெந்து மூடி வச்ச கோஸ் பொரியல் அந்த நாத்தம் நாறுறது அதனாலதான். மெல்லிசா சீவி நாலஞ்சு நிமிஷம் வதக்கி, கடிச்சா சத்தம் வர்ற பதத்துல இறக்கிடுங்க, முடிஞ்சுது. முள்ளங்கிக்கும் இதே வைத்தியந்தான்.

பீட்ரூட்ல வர்ற மண் வாடைக்கு ஜியோஸ்மின்னு பேரு. மழை பெய்யுறப்ப மண்ணுலேர்ந்து ஒரு வாசனை வரும்ல, ஆஹான்னு மூச்ச இழுப்போமே, அதுல இருக்குறதும் இதே ஐட்டம்தான். தெருவுல வந்தா கவிதை, தட்டுல வந்தா குமட்டல், என்ன மனுஷன் நாம. புளிப்பு பட்டா அது உடைஞ்சு போயிடும், அதனால பீட்ரூட்ட துருவி தயிர் பச்சடியா போடுங்க, இல்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க. தேங்காய் மட்டும் தூவுன பொரியல்தான் ரொம்ப கஷ்டம், அத கடைசிக்கு வைங்க.

கத்திரிக்காய்க்கு எங்க வீட்டுக்காரம்மா கண்டுபிடிச்ச வழி, சுட்டு தோல உரிச்சுட்டு சின்ன வெங்காயம் பச்சை மிளகாயோட மசிச்சு கொத்சு. தோலும் இல்ல, வழுக்குறதும் இல்ல. இட்லிக்கு தொட்டுட்டு "என்ன சட்னி இது"ன்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே "நீங்க சாப்ட்டு முடிங்க, சொல்றேன்"னா. ஒரு எச்சரிக்கை, கத்திரிக்காய் சாப்ட்டா சிலருக்கு நாக்கு உதடெல்லாம் அரிக்கும், தொண்டை நமைக்கும். அவங்களுக்கு இது அடம் இல்ல, உடம்பு ஒத்துக்கல, பழகுறேன் பேர்வழின்னு இறங்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

பாகற்காய்க்கு தனியா சொல்லணும். கசப்பு எல்லாருக்கும் ஒரே அளவு இல்லங்க. 1931ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனி லேப்ல ஆர்தர் ஃபாக்ஸுன்னு ஒரு கெமிஸ்ட் பிடிசிங்கிற பொடிய கொட்டுறப்ப அது காத்துல பறந்துச்சு, பக்கத்துல நின்ன ஆளு "ஐயோ கசக்குது"ன்னு கத்த, இவருக்கு நாக்குல ஒன்னுமே தெரியல. அங்க ஆரம்பிச்சு அது பரம்பரையா வர்றதுன்னு கண்டுபிடிச்சாங்க, மனுஷ நாக்குல கசப்ப கண்டுபிடிக்கிறதுக்குன்னு மட்டும் கிட்டத்தட்ட 25 வகை ஏற்பிகள் (ரிசெப்டர்) இருக்கு, அதுல சிலது எப்படி அமைஞ்சிருக்குங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். அதனால "உங்கண்ணன் சாப்புடுறான், உனக்கு என்ன கேடு"ங்கிற வசனம் செல்லாது, அண்ணன் நாக்கு வேற தம்பி நாக்கு வேற. அதுக்காக பழகவே முடியாதுன்னும் இல்ல, காபி டிகாஷன் கசப்புதானே, சின்ன வயசுல பாலும் சர்க்கரையும் போட்டு ஆரம்பிச்சுத்தானே இன்னைக்கு ஸ்ட்ராங்கா குடின்னு நிக்கிறோம்.

அதே வழிதான் இங்கயும். கால் கிலோ பாகற்காய மெல்லிசா வட்டம் வட்டமா அரிஞ்சு விதைய எடுத்துட்டு, அரை ஸ்பூன் உப்பும் கொஞ்சம் மஞ்சத்தூளும் போட்டு பிசிறி 20 நிமிஷம் வைங்க, தண்ணி விட்டிருக்கும், ஒட்டப் பிழிஞ்சு கொட்டிடுங்க. உப்பு ரெண்டு வேலை பாக்குது, கசப்ப தண்ணியோட இழுத்து விடும், நாக்குல கசப்பு தெரியுறதையும் கொஞ்சம் அமுக்கும். அப்புறம் மொறுமொறுன்னு வறுத்து, சின்ன வெங்காயம் பச்சை மிளகாய் பொடியா அரிஞ்சு போட்டு எலுமிச்சை பிழிஞ்சு கலந்தா இலங்கைத் தமிழர் வீட்டு பாகற்காய் சம்பல், இத சாப்ட்டு பாகற்காய் பிடிக்கலன்னு சொல்ற ஆள நான் இன்னும் பார்க்கல. அடுத்த கட்டம் புளியும் வெல்லமும் போட்ட பிட்லை. சித்திரை ஒன்னாந்தேதி வேப்பம்பூவ வெல்லம் மாங்காயோட பச்சடி பண்றாங்களே, அதுவும் இதே டெக்னிக்தான். சுகர் மாத்திரை போடுறவங்க மட்டும் பாகற்காய் ஜூஸ்னு டம்ளர் டம்ளரா இறங்காதீங்க, ரெண்டும் சேர்ந்து சர்க்கரைய ரொம்ப இறக்கிடலாம்.

ஆனா சுரைக்காய் கசந்தா அது வேற விஷயம். அங்க பழகக்கூடாது, துப்பிட்டு மொத்தத்தையும் தூக்கி குப்பையில போடணும். கசக்குற சுரைக்காய்ல குக்கர்பிட்டாசின்னு நச்சு ஜாஸ்தியா இருக்கும், வாந்தி, ரத்தப்போக்குன்னு ஆஸ்பத்திரில கொண்டு போய் விட்டுடும், கசந்த சுரைக்காய் ஜூஸ் குடிச்சு உயிர் போனதெல்லாம் நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. நறுக்குனதும் நுனி நாக்குல ஒரு துண்டு வச்சு பாத்துட்டு சமைங்க. வெள்ளரி, பீர்க்கங்காய்க்கும் இது பொருந்தும்.

எவ்வளவு, எத்தனை தடவைங்கிறது அடுத்த கேள்வி. அளவு சுண்டைக்காய் சைஸ் போதும். நிஜமாத்தான் சொல்றேன், ரெண்டே துண்டு. நல்லா பசிக்கிறப்ப, சாப்பாட்டோட ஆரம்பத்துல, பிடிச்ச ஐட்டத்தோட சேர்த்து. வயிறு ரொம்புனதுக்கு அப்புறம் "இதையும் சாப்ட்டுடு"ன்னா எந்த காயும் விரோதிதான். வாடைதான் பிரச்சனைன்னா ஆறவச்சு சாப்புடுங்க, சூட்டுல ஆவியோட வாடை தூக்கலா வரும், முதல் ரெண்டு வாய்க்கு மூக்க பிடிச்சுக்கிட்டாக்கூட தப்பில்ல, ருசின்னு நாம நினைக்கிறதுல பெரும்பங்கு மூக்கு பண்ற வேலை. மெல்லாம முழுங்காதீங்க, நாலு கடி கடிச்சாத்தான் கணக்கு.

பிடிக்காத காய ஒரு 10, 15 தடவை நாக்குல பட வச்சாத்தான் குழந்தைங்களுக்கே பழகும்னு சொல்லுவாங்க, நாம மூணாவது தடவையே கைய கழுவிடுறோம். நான் கிச்சன்ல மாட்டியிருக்குற மாசக் காலண்டர்ல சாப்ட்ட அன்னைக்கு மூலையில "க"ன்னு போட்டேன், கத்திரிக்காய்க்கு. எட்டு "க" வரைக்கும் ஒரு மாற்றமும் இல்ல, சும்மா சகிச்சுக்கிட்டேன். பன்னெண்டாவதோ பதிமூணாவதோ, ஞாபகம் இல்ல, அன்னைக்கு தட்ட பாத்தா கத்திரிக்காய் தீர்ந்திருக்கு, எப்ப சாப்ட்டேன்னே தெரியல. ஆஹா ஓஹோன்னு மணியெல்லாம் அடிக்காது, இப்படித்தான் சத்தமில்லாம நடக்கும். ஒரு நேரத்துல ஒரு காய் மட்டும் எடுங்க, நான் ஆர்வக்கோளாறுல மூணு ஆரம்பிச்சு மூணும் ஊத்திக்கிச்சு.

வீட்ல உள்ளவங்களுக்கு ஒன்னு. சாப்புடுறவன் வாயவே பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. "எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா"ன்னு கேக்காதீங்க. குழந்தைன்னா ரெண்டு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் புதுசா எத வச்சாலும் மூஞ்ச திருப்புறது சகஜம், அத அடங்காப்பிடாரித்தனம்னு எடுத்துக்காதீங்க. "பாகற்காய் சாப்ட்டா ஐஸ்க்ரீம்"னு பேரம் பேசுனா அது பாகற்காய தண்டனைன்னும் ஐஸ்க்ரீம பரிசுன்னும் நல்லா புரிஞ்சுக்கும், அவ்வளவுதான். தோசை மாவுல கீரைய ஒளிச்சு ஊத்துறதும் எனக்கு உடன்பாடு இல்ல, சத்து உள்ள போகும் ஆனா கீரை பழகாது, ஒருநாள் கண்டுபிடிச்சுடுச்சுன்னா தோசை மேலயும் சந்தேகம் வந்துடும். தெரிஞ்சே கலந்து குடுங்க, "இது முருங்கைக்கீரை தோசை"ன்னு சொல்லியே குடுங்க.

எல்லாருக்கும் இது வேலைக்கு ஆகும்னும் இல்ல. சிலருக்கு மொத்தமே நாலஞ்சு ஐட்டம்தான் உள்ள இறங்கும், புதுசா ஒன்னு தட்டுல வந்தாலே பதட்டம் வரும், எடை குறையும், விசேஷ வீடுகளுக்கு போறதையே நிறுத்திடுவாங்க. அதுக்கு ஆர்ஃபிட்னு பேரு, 2013லேர்ந்து மனநல மருத்துவத்துல தனி நோயாவே சேர்த்திருக்காங்க. அந்த மாதிரி இருந்தா காலண்டர்ல "க" போடுறதெல்லாம் உதவாது, டாக்டர பாருங்க, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல.

வெளிய விருந்துக்கு போறப்ப ஒரு சின்ன ட்ரிக், பரிமாறுறவங்க பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே "அத்தை, எனக்கு கொஞ்சமா, ஒரே ஒரு கத்திரிக்காய்"னு நீங்களே கேட்டு வாங்கிடுங்க. வேணாம்னு கைய நீட்டி மறைச்சாத்தான் கரண்டி கரண்டியா விழும்.

இப்ப எனக்கு சேப்பங்கிழங்கு ஓடிட்டு இருக்கு, காலண்டர்ல ஆறு "சே" ஆச்சு. அரிசி மாவு பிசிறி ரோஸ்ட்டா குடுத்தா நாலு துண்டு வரைக்கும் போகுது. போன ஞாயித்துக்கிழமை அத்தை புளிக்குழம்புல போட்டிருந்தாங்க, ஒன்னே ஒன்னு எடுத்தேன், வாய்க்குள்ள போனதும் ஒரு பக்கமா வழுக்கிட்டு ஓடுச்சு, இன்னும் முடியலங்க.