தொடர் சித்திரக்கதை நூலாகும்போது செய்ய வேண்டிய திருத்தங்கள்

ஜப்பானிய வார இதழ்களில் மங்கா எனும் சித்திரக்கதையின் ஓர் அத்தியாயம் பெரும்பாலும் இருபது பக்கத்தை ஒட்டியிருக்கும். அவ்வாறு ஒன்பதோ பத்தோ சேர்ந்ததும் தனித் தொகுதியாக வெளிவரும். ஒரு வாரம் காத்திருந்தவருக்காக வரைந்ததை ஒரே அமர்வில் படிப்பவருக்கு ஏற்றபடி மாற்றுவதே திருத்தம். மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா நூலாகும்போது கட்டங்களை வெட்டி இடம்மாற்றி, புதுப் பக்கங்களையும் வரைந்து சேர்த்தார். கோலாலம்பூரில் தனியாளாக வரையும் நமக்கு அவ்வளவு கட்டுப்படியாகாது என்றாலும் சிலவற்றைத் தவிர்க்க முடியாது.

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஏதேனும் ஒரு நகல் கடையில் எல்லா அத்தியாயங்களையும் நூலின் அளவுக்கே சுருக்கி, இருபக்கமும் அச்சிட்டு, மடித்துத் தைத்துப் படியுங்கள். திரையில் தெரியாத பிழை தாளில் தெரியும். என் முதல் தொடரில் நான்காம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் இடக்கையில் இருந்த காயக்கட்டு ஆறாம் அத்தியாயத்தில் வலக்கைக்குத் தாவியிருந்தது. இதழில் வந்தபோது என் கண்ணுக்கே அது படவில்லை. முன்கதைச் சுருக்கத்தையும், 'அடுத்த வாரம்' என்று ஓரத்தில் போடும் வரிகளையும் தயங்காமல் நீக்கிவிடலாம்.

அதிக நேரம் பிடிப்பது பக்கக் கணக்கு. ஜப்பானிய நூல் வலமிருந்து இடமாகவும் நம்முடையது இடமிருந்து வலமாகவும் போனாலும், தாளைப் புரட்டியதும் முதலில் கண்ணில் படுவது இரண்டிலுமே இரட்டைப்படைப் பக்கம்தான். இறந்துவிட்டதாக நினைத்த தாத்தா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும் கட்டம் ஒற்றைப்படைப் பக்கத்தில் விழுந்தால், பேரன் கதவைத் திறக்கும் முன்பே வாசகரின் ஓரக்கண் தாத்தாவைப் பார்த்துவிடும். இதற்கு மலிவான மருந்து அத்தியாயத் தலைப்புக்கென ஒரு பக்கம் ஒதுக்குவது. ஆனால் அந்த ஒரு பக்கம் பின்னால் வரும் அத்தனை பக்கங்களையும் தள்ளிவிடும் என்பதால், இரு பக்கமும் விரியும் பெரிய படங்கள் நடுவில் பிளந்துவிடாமல் இரட்டைப்படையிலேயே தொடங்குகின்றனவா என்று மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். மிஞ்சும் வெற்றுப் பக்கங்களில் ஜப்பானியர்கள் துணுக்குப் படங்களை வரைந்து வைப்பார்கள். அது நல்ல வழக்கம்.

அடுத்து அளவு. 18.2 × 25.7 செ.மீ. இதழ்ப் பக்கம் கையடக்க நூலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்காகச் சுருங்கும்போது பேச்சுக் குமிழியிலுள்ள எழுத்தும் சேர்ந்தே சுருங்கும். தமிழில் இது கூடுதல் தொல்லை: 'ணை', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளியோ காணாமலே போகும். ஆகவே எழுத்தைப் படத்திலிருந்து பிரித்து, சுருக்கிய பிறகு புதிதாக அமையுங்கள். இடம் போதாவிட்டால் வசனத்தைக் குறையுங்கள், எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள். நிழலுக்கு இட்ட புள்ளித் திரையும் சுருங்கினால் அலையலையாகத் தெரியும் என்பதால் அதையும் மீண்டும் இட வேண்டும்.

இதழில் வண்ணத்தில் வந்த பக்கங்களைக் கணினி தானாகக் கறுப்பு வெள்ளையாக்கித் தருவதை நம்ப வேண்டாம். பத்துமலைத் தைப்பூசக் காட்சியொன்றில் மஞ்சள் உடை அனைத்தும் ஏறத்தாழ வெள்ளையாகி, காவடிக் கூட்டம் வானத்தோடு கரைந்துவிட்டது. வானத்துக்குப் புதிதாகச் சாம்பல் பூசியபின்தான் ஆட்கள் தென்பட்டார்கள்.

அச்சகத்திலிருந்து மாதிரிப் படி வந்ததும், கதையைப் படிக்காமல், கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு குமிழியிலும் மெய்யெழுத்துப் புள்ளிகளை மட்டும் பாருங்கள்.