தொட்டி கட்டியதோடு முடியாது: சின்ன ஊர்க் கழிவுநீர்த் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருநூறு வீடுகள் உள்ள ஓர் ஊர் தன் கழிவுநீருக்கு வழி தேட உட்கார்ந்தால், 'எந்த மெஷின் வாங்கலாம்?' என்ற பேச்சுத்தான் முதலில் வரும். வாங்கியதை ஐந்து வருடம் கழித்து யார் ஓட்டப்போகிறார்கள் என்று அப்போது கேட்க மறந்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுருக்கி ஊருக்குள் கொண்டுவருவது அதில் ஒன்று. காற்று ஊதிச் சுத்திகரிக்கும் தொட்டியில் கழிவைத் தின்பவை ஆக்சிஜனை நம்பி வாழும் பாக்டீரியாக்கள். அவற்றுக்காக ப்ளோயர் என்ற காற்று ஊதும் மெஷின் இரவும் பகலும் வேலை செய்ய வேண்டும். பல மணி நேரம் மின்சாரம் இல்லையென்றால் அவை நலியும், தொட்டி நாறும். பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில்கூட ஆகலாம். கரண்ட் பில் கட்டத் திணறும் ஊரில் கடைசியில் ப்ளோயரை அணைத்துவிடுவார்கள். போதிய நிலமும் தரைச் சரிவும் இருந்தால், அடுத்தடுத்து வெட்டிய சுத்திகரிப்புக் குளங்களோ நாணல் நட்ட ஜல்லிப் படுகையோ மோட்டாரே இல்லாமல் வேலை செய்யும்.

'இயற்கை முறைதானே, பராமரிப்பு எதற்கு?' என்றும் இருந்துவிடக் கூடாது. கசடைப் படியவைக்காமல் கழிவுநீரை நேராகப் படுகைக்குள் விட்டால் ஜல்லி அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே தேங்கும், கொசு பெருகும். நாணலை வெட்டவும், சல்லடையில் சிக்கிய துணியையும் பிளாஸ்டிக்கையும் வாரவும் ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

செப்டிக் டேங்க் இருந்தாலே தண்ணீர் சுத்தமாகிவிடும் என்பது பலரும் நம்பும் தவறு. அதில் திடக்கழிவு பெரும்பாலும் படியும், கரிமக் கழிவில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். வெளியே வரும் தண்ணீரில் நோய்க்கிருமிகள் ஏராளம். அதைத் தெருச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சுகுழிக்கோ அடுத்த கட்டச் சுத்திகரிப்புக்கோ அனுப்ப வேண்டும். குழிக்கு இடம் பார்ப்பவர்கள் கோடையில் தோண்டிப் பார்த்துவிட்டுச் சரி என்கிறார்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பதே கணக்கு. அந்த மட்டத்துக்கும் குழியின் அடிக்கும் நடுவே 1.5 முதல் 2 மீட்டர் வரையாவது மண் இருக்க வேண்டும். கிணறு 30 மீட்டர் தள்ளியிருப்பது நல்லது. களிமண்ணில் தண்ணீர் இறங்காது. வெடிப்புப் பாறையில் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும்.

எல்லோரும் மறப்பது கசடை. பொதுவாக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் தொட்டியில் தண்ணீர் நிற்க இடம் குறைந்து, திடக்கழிவு அப்படியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். குழிதான் கெட்டது என்று நினைத்து இன்னொன்று தோண்டுவார்கள். பாக்டீரியாப் பொடி போட்டால் கசடே சேராது என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். கசடு லாரி தொட்டிவரை வர வழி உண்டா, எடுத்ததை எங்கே கொட்டப்போகிறது என்பதைக் கட்டும் முன்பே தீர்மானியுங்கள். பச்சைக் கசடை வயலில் கொட்டுவது ஆபத்து. குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: அடைப்பு எடுக்க மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்குவார்; காப்பாற்றக் குதித்தவரும் சாவார். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவும் கூடாது, உள்ளே தீப்பற்றும் மீத்தேன் வாயு இருக்கும். வெளியிலிருந்தே உறிஞ்சி எடுக்க வழி வைத்துத்தான் தொட்டியைக் கட்ட வேண்டும்.

அளவுக் கணக்கிலும் தவறு நேரும். நாள் முழுவதற்குமான தண்ணீரை 24 மணி நேரத்துக்குச் சமமாக வகுக்கிறார்கள். சின்ன ஊரில் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் குளித்துத் துவைப்பதால், அப்போதைய வரத்து சராசரியைப்போல மூன்று நான்கு மடங்காகும். கூடவே கூரை மழைநீரும் அதே குழாயில் சேர்ந்தால், படிந்ததெல்லாம் கலங்கி அடித்துக்கொண்டு போகும்.

கட்டி முடித்து மண் மூடும் முன், எந்த மூடி எங்கே, எந்தக் குழாய் எப்படிப் போகிறது என்று ஒரு வரைபடம் போட்டு வையுங்கள். கடைசியாகக் கசடு எடுத்த தேதியும் அதிலேயே இருக்கட்டும்.