சாமந்தி வாயில் இன்றைக்கு என்ன?

எங்கள் சாமந்திக்கு ஏழு வயது. கோல்டன் ரெட்ரீவர் நாய். யாராவது வந்தால் வாசலுக்கு ஓடுவாள், பாதியில் நின்று திரும்பிப் போய் ஒரு செருப்பையோ தலையணை உறையையோ கவ்விக்கொண்டு மறுபடி வருவாள். வெறும் வாயோடு வரவேற்பது அவளுக்கு மரியாதைக் குறைவு. கோல்டன் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்த வாயோடுதான்.

பரம்பரை அப்படி. ஸ்காட்லாந்து மலைநாட்டில் டட்லி மார்ச்பேங்க்ஸ் என்ற வேட்டைப் பிரியர் இருந்தார். பிற்பாடு ட்வீட்மவுத் பிரபு ஆனவர். சுட்ட பறவை தண்ணீரில் விழுந்தாலும் புதரில் விழுந்தாலும், பல் படாமல் எடுத்து வந்து கையில் கொடுக்கிற நாய் அவருக்கு வேண்டியிருந்தது. 1865-இல் பிரைட்டனில் நௌஸ் என்ற மஞ்சள் ஆண் நாயை வாங்கினார். 1868-இல் அதற்கும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் இனப் பெட்டைக்கும் மஞ்சள் குட்டிகள் பிறந்தன. குரோக்கஸ், கவ்ஸ்லிப், பிரிம்ரோஸ் என்று பூக்களின் பெயரை வைத்தார்கள். சாமந்திக்குப் பெயர் வைத்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்தபின் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் என்றொரு கதையும் வெகுநாள் உலவியது. மார்ச்பேங்க்ஸின் குறிப்பேட்டின் விவரங்கள் 1952-இல் வெளியானதும் அது அடிபட்டுப் போனது.

முதல் வருடம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சாமந்தி ஒரு சாக்ஸைக் கவ்வினாள். நான் கத்திக்கொண்டே துரத்தினேன். பறிகொடுக்கக் கூடாதென்று அவள் அப்படியே விழுங்கிவிட்டாள். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். அன்றோடு துரத்துவதை விட்டேன்.

துரத்துவதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். கீழே உட்காருங்கள். அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே நீட்டி, வாய் திறக்கும் நொடியில் “விடு” என்று சொல்லுங்கள். பொருள் விழுந்ததும் தின்பண்டத்தைக் கொடுங்கள். அது ஆபத்தில்லாத பொருள் என்றால் அதையே அவளிடம் திருப்பிக் கொடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிய நாய் ஒளிக்காது, விழுங்காது. தினம் ஐந்து நிமிடம் போதும், சாமந்தி மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டாள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலான சைலிட்டால் கலந்த மிட்டாய் ஆகியவை மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அவை விஷம். அங்கே பயிற்சியை நம்பாதீர்கள்.

காவலுக்கு நாய் வேண்டுமென்றால் வேறு இனம் பாருங்கள். திருடன் வந்தாலும் இவள் செருப்பை நீட்டுவாள். மனிதனோடு சேர்ந்து வேலை செய்யவே உருவான நாய் என்பதால் தனிமைதான் இவளுக்குத் தண்டனை. நாள் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு நான் கோல்டனைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வளர்ந்த நாய்க்குத் தினம் ஒரு மணி நேரமாவது நடை, ஓட்டம், பந்தை எடுத்து வரும் விளையாட்டு வேண்டும். குட்டிக்கு எலும்பு முற்றும்வரை உயரத்திலிருந்து குதிப்பதும் நீண்ட ஓட்டமும் வேண்டாம். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். குட்டி வாங்கும்போதே தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடி இரண்டு அடுக்கு. மேலே தண்ணீர் தங்காத நீளமயிர், அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த உள்மயிர். வெயில் காலம் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். வெயில் நேராகத் தோலில் விழும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். வாரம் மூன்று நாள், கொட்டும் பருவத்தில் தினமும், முடியை வகிடெடுத்து அடிவரை சீவுங்கள். மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும், அடியில் சிக்கு விழுந்திருக்கும். காதுக்குப் பின்னால், தொடையில், வால் அடியில் கை வைத்துப் பாருங்கள். குளித்தபின் ஈரம் தங்கினால் ஒரே ராத்திரியில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். தொங்கும் காது என்பதால் அதையும் துடைக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டை அளந்து வையுங்கள். அந்தக் கண்களைப் பார்த்து இரண்டாம் முறை வைத்தால் தோற்றீர்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.

ஆயுள் பத்து முதல் பன்னிரண்டு வருடம். புற்றுநோய் இவற்றுக்கு அதிகம். காரணம் தேடி அமெரிக்காவில் 2012 முதல் 3,000-க்கும் மேற்பட்ட கோல்டன்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்து வருகிறார்கள். அதனால் சீவும்போதே விரலால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். போன வருடம் அக்குளில் பட்டாணி அளவு கட்டி அகப்பட்டது. ஊசியால் எடுத்துப் பார்த்தார்கள், வெறும் கொழுப்பு. மேசையிலிருந்து இறக்கிவிட்டதும் மருத்துவரின் கையுறை ஒன்று காணவில்லை. நான் “விடு” என்றேன்.