கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி ஐ.டி தொடங்கப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆசிரியர்களுக்கு

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அதனாலேயே நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் ஐ.டி பாடப்பிரிவு தொடங்கலாம் என்ற பேச்சு வந்ததும் முதல் வேலையாக கம்ப்யூட்டர் கடையில் கொட்டேஷன் கேட்கிறார்கள். தயவு செய்து அதைக் கடைசியில் வையுங்கள். இந்தப் பிரிவில் மூன்று வருஷம் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

எழுத உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏ, ஐ.டி மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பு, கணக்கிடும் முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆழமாகப் போகும். பிசிஏவின் நாட்டம் மென்பொருள் எழுதுவதில். ஐ.டி என்பது ஓர் ஆஸ்பத்திரியிலோ தொழிற்சாலையிலோ இருக்கிற மெஷின், நெட்வொர்க், தகவல், அதைப் பயன்படுத்தும் ஆட்கள் எல்லாரையும் ஒன்றாக ஓட வைக்கும் வேலை. ஏற்கெனவே கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிற கல்லூரி, இரண்டு தாள்களின் பெயரை மட்டும் மாற்றி ஐ.டி என்று தொடங்கினால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான். இன்னொன்று, 2024-25 கல்வியாண்டிலிருந்து பிசிஏவுக்கு ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் தேவை. பி.எஸ்சிக்கு அது இல்லை, சேலம் பெரியார் பல்கலைக்கழக இணைப்பு வாங்கும் வழியில் போகலாம். ஆய்வுக் குழு வரும்போது இடம், ஆசிரியர், நூலகம், ஆய்வகம் எல்லாம் கண்ணால் பார்க்கும், அதனால் குறைந்தது ஒரு வருஷம் முன்னாடியே கோப்பைத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் வேலை கொடுப்பவர்களிடம் போய் உட்காருங்கள். பெங்களூரு கம்பெனிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள், தருமபுரி ஆஸ்பத்திரிகள், கூட்டுறவு சங்கங்கள், இ-சேவை மையங்கள், இத்தனை பேருக்கும் ஆள் தேவைப்படுகிறது. "சர்வர் நின்னா யாரைக் கூப்பிடுறீங்க, அவர் வர எவ்வளவு நேரம் ஆகுது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள், பாடத்திட்டத்தில் பாதி அந்தப் பதில்களிலேயே கிடைத்துவிடும்.

பாடத்திட்டத்துக்கு வருவோம். தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம்தான், அதை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் விருப்பப் பாடம், திறன் தாள், புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி இவற்றில் கிடைக்கும் இடம் சின்னதில்லை. சரிபார்க்க ஒரு பட்டியல் வேண்டுமென்றால் ஏசிஎம், ஐஈஈஈ என்ற இரண்டு சர்வதேச கணினி, பொறியியல் அமைப்புகளும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஐ.டி பாடத்திட்ட வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து அடிப்படைப் பகுதிகள் இருக்கின்றன. நெட்வொர்க், சைபர் பாதுகாப்பு, தகவல் மேலாண்மை, வலை மற்றும் மொபைல் எல்லாம் நம் பாடத்திட்டங்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். பயனர் அனுபவ வடிவமைப்பும் தொழில் நடைமுறையும்தான் விட்டுப்போகும், அவற்றை எப்படியாவது உள்ளே கொண்டு வாருங்கள்.

நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்: கலைக் கல்லூரியில் ஐ.டி வைப்பதன் பலம் பக்கத்து அறைகளில் இருக்கிறது. பொறியியல் கல்லூரியைப் பார்த்து நகல் எடுத்தால் அந்தப் பலம் போய்விடும். பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று எப்படியும் வகுப்பு நடக்கிறது, அதை ஐ.டி துறை ஒரு தொந்தரவாக நினைக்கக் கூடாது. தமிழ்த் துறையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், அவற்றை எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றும் சின்ன புரோகிராம் முதல் வருஷப் பிள்ளைக்கு அருமையான பயிற்சி. வரலாற்றுத் துறைக்கு நம் மாவட்டத்து நடுகற்கள் இருக்கின்றன, தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனாலே வரிசையாகப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் படம், ஊர், கல்வெட்டு வாசகம், காலம் என்று ஒரு தரவுத்தளம் கட்டச் சொல்லுங்கள். பொருளியல் துறையோடு சேர்ந்து ராயக்கோட்டை தக்காளி விலையை நாள்தோறும் பதிவு செய்யலாம்.

தரவுத்தள வகுப்பில் நான் முதல் நாள் செய்வது ஒன்று உண்டு. பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் அவர்களையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்வேன். ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர், ஒருவர் மாரண்டஅள்ளி என்பார், இன்னொருவர் மாரண்டஹள்ளி என்பார், மூன்றாமவருக்கு நடுவில் இடைவெளி இருக்கும். மாதேஷ், மாதப்பன், மாதம்மாள் என்று வகுப்பில் பாதிப் பேர், இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். இப்போது "மாரண்டஅள்ளியிலிருந்து எத்தனை பேர்?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லும். ஏன் என்று அவர்களே திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்போது, ஊருக்குத் தனி அட்டவணை, அதற்கு ஒரு எண் என்பதெல்லாம் நான் சொல்லாமலே வந்துவிடும்.

ஆய்வகம். நான் இருந்த ஒரு கல்லூரியில் புது கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துத் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள், எர்த்திங் சரியில்லை, யூபிஎஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கோடையிலேயே பவர் சப்ளைகள் ஒவ்வொன்றாகப் போயின, பிள்ளைகள் ஒரு மெஷினுக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். எனவே முதலில் எர்த்திங், யூபிஎஸ், காற்றோட்டம். பிறகு நல்ல நிலையில் உள்ள பழைய மெஷின்களில் லினக்ஸ் போட்டாலே முதல் வருஷத்துக்குப் போதும், மிச்சமாகும் பணத்தில் நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் ஒரு ரேக், அமைப்பை நாமே மாற்றிப் பார்க்கக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச், கேபிள் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், கேபிள் டெஸ்டர் வாங்குங்கள். ஐ.டி பிள்ளை கையால் நெட்வொர்க் கேபிள் போட்டிருக்க வேண்டும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று எட்டு கம்பியையும் விரலில் நேராக்கி, நுனியைச் சமமாக வெட்டிச் செருகி, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆசிரியர் விஷயத்தில் யுஜிசி விதி தெளிவு: முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லாவிட்டால் பிஎச்.டி. (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண் தளர்வு உண்டு.) அதற்கு மேல் தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கிற ஒருவரைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வரும் பிள்ளைகளுக்குச் சேர்ந்த உடனே இரண்டு வாரம் இணைப்பு வகுப்பு கட்டாயம் வையுங்கள். புத்தகத்தில் வரும் ஆங்கிலச் சொற்கள், இரும எண்கள், அடிப்படைத் தர்க்கம், இரண்டு கையாலும் தட்டச்சு, இவ்வளவு போதும். கடைசி பஸ் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வக வகுப்பை அதற்கு முன்பே முடிக்கும்படி கால அட்டவணை போட வேண்டும்.

மூன்றாம் வருஷப் புராஜெக்ட்டை மட்டும் கடைகளில் விலைக்கு வாங்க விடாதீர்கள். தலைப்பை மற்ற துறைகளிடமிருந்தோ ஊரிலிருக்கும் ஓர் அலுவலகத்திலிருந்தோ வாங்குங்கள், மதிப்பெண் போடும் நாளில் அந்தத் துறை ஆசிரியரையும் அந்த அலுவலகக்காரரையும் உட்கார வைத்து, அவர்களையே பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.